பூட்டு சொத்தைன்னா அடி ஓனருக்கா?

ரெண்டு வாரமா கடுப்புல இருக்கேன் மக்களே. கொட்டிடறேன், பொறுத்துக்கோங்க.

எங்க பெரியப்பா பையன், அண்ணன். மடிப்பாக்கத்துல வீட்டு வாசல்ல நிறுத்தியிருந்த அவரோட கார் ஒரு ராத்திரியில காணாமப் போச்சு. பட்டன் ஸ்டார்ட் வண்டி. சாவி ரெண்டும் வீட்டுக்குள்ள. கீழ ஒரு கண்ணாடித் துண்டு கூட இல்ல. அலாரமும் கத்தல.

துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரங்க என்ன கேட்டாங்க தெரியுமா? "ஏம்ப்பா வெளியில நிறுத்தின?" "ஜிபிஎஸ் மாட்டலியா?" சரி, அவங்களை விடுங்க. இன்சூரன்ஸ்காரர் ஒருத்தர் வந்தார். ரெண்டு சாவியையும் வாங்கி வெச்சுக்கிட்டு ஒரே கேள்வி: "சாவி உங்ககிட்ட இருக்கு, கண்ணாடியும் உடையல. அப்புறம் வண்டி எப்படி சார் போகும்?"

அண்ணன் என்கிட்ட சொன்னது: "வண்டி போனதுகூட பரவாயில்லடா, என்னையே திருடனா பாக்குறாங்க பாரு." இன்னும் இஎம்ஐ கட்டிக்கிட்டு இருக்கார்.

எப்படி போகும்னு நான் சொல்றேன் சார். ரெண்டு பேர் வருவாங்க. ஒருத்தன் வீட்டு வாசக்கதவுகிட்ட ஒரு கருவியோட நிப்பான், இன்னொருத்தன் காருகிட்ட. உள்ள ஆணியில தொங்குற சாவியோட சிக்னலை இவன் பிடிச்சு அவனுக்கு அனுப்புவான். கார், ஓனர் பக்கத்துல வந்துட்டார்னு நெனச்சு கதவைத் திறக்கும், ஸ்டார்ட்டும் ஆகும்.

இது நேத்து கண்டுபிடிச்ச வித்தை இல்ல. 2011லயே சூரிச் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 8 கம்பெனிகளோட 10 மாடல்களை வெச்சு சோதிச்சாங்க. பத்தும் ஏமாந்துச்சு! அதுக்கப்புறமும் அதே மாதிரி சாவியை "வசதி"ன்னு விளம்பரம் பண்ணி, கூடுதல் காசுக்கு நம்ம தலையில கட்டுனது யாரு?

சாவி திருகுற வண்டியில நடந்த கூத்து இன்னும் மோசம். இம்மொபிலைசர்னு ஒண்ணு இருக்கு. சாவிக்குள்ள குட்டி சிப்பு. அதோட குறியீடு பொருந்தலைன்னா இன்ஜின் ஓடாது. கனடாவுல 2007 செப்டம்பர்லேர்ந்து புது கார்களுக்கு இது கட்டாயம். பக்கத்துல அமெரிக்காவுல அப்படி சட்டம் இல்ல. விளைவு? அங்க வித்த 2015 மாடல்கள்ல மத்த கம்பெனிகள் 96 சதவீதத்துல இதை வெச்சிருந்தாங்க. ஹூண்டாய், கியாவுல வெறும் 26 சதவீதம். சட்டம் கேட்டா வெப்போம், கேக்கலைன்னா மிச்சம் பிடிப்போம். இதான் அவங்க பாதுகாப்புக் கொள்கை.

2021ல மில்வாக்கி நகரத்துல பசங்க இதைக் கண்டுபிடிச்சு வண்டி வண்டியா தூக்க ஆரம்பிச்சாங்க. 2022ல டிக்டாக் மூலமா நாடு முழுக்க பரவிடுச்சு. குறைஞ்சது 14 விபத்து, 8 உயிர்னு 2023 பிப்ரவரியில அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பே சொல்லுச்சு. அதுக்கப்புறம்தான் சாஃப்ட்வேர் அப்டேட், இலவச ஸ்டியரிங் பூட்டு, சுமார் 20 கோடி டாலருக்கு சமரசம் எல்லாம்.

"அப்போ ஓனருக்குப் பொறுப்பே இல்லியா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. டீக்கடை வாசல்ல ஏசிய ஓடவிட்டு இறங்குறவரை நானும்தான் திட்டுவேன். ஆனா அந்தத் தப்புக்கு இங்க கணக்கு இருக்கு. சாவியை வண்டியிலேயே விட்டுட்டு டிரைவர் வழி கேக்க இறங்கின நேரத்துல லாரி திருடு போன வழக்குல, 2023ல உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் குடுக்கச் சொல்லுச்சு. அதாவது அசந்த அந்த ஒரு நிமிஷத்துக்கு ஓனருக்கு 25 சதவீதம் நஷ்டம். சரி, ஏத்துக்கறேன். பல வருஷமா தெரிஞ்சே சொத்தைப் பூட்டு வித்தவனுக்கு எத்தனை சதவீதம்? அந்தக் கணக்கை இங்க யாரும் போட்டு நான் பாக்கல.

அதனால அடுத்த தடவை கார் வாங்கப் போனா சன்ரூஃப் இருக்கான்னு கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. இம்மொபிலைசர் இருக்கா? சாவி அசையாம கிடந்தா சிக்னலை நிறுத்துமா? சேல்ஸ்மேன் முழிச்சா, விடாதீங்க. எழுத்துல கேளுங்க. நாலு பேர் கேட்டா, கம்பெனிக்குக் காது கேக்கும்.

டிஸ்கி: பட்டன் வண்டி வெச்சிருக்கவங்க ராத்திரி சாவியை வாசக்கதவு ஆணியில மாட்டாதீங்க. இறுக்கமா மூடுற எவர்சில்வர் டப்பாவுல போடுங்க. டப்பாவோட காருகிட்ட போய் கதவை இழுத்துப் பாருங்க. திறந்துச்சுன்னா டப்பா வேஸ்ட், வேற பாருங்க. கூடவே ஒரு ஸ்டியரிங் பூட்டு. அண்ணன் இப்ப ரெண்டும் வாங்கி வெச்சிருக்கார். பூட்டத்தான் கார் இல்ல.