‘நல்ல வடிவு, என்ன?’

மட்டக்களப்பார் அனைவரும் அறிந்த யப்பானியச் சொல் ஒன்று உண்டு. 2004 டிசெம்பர் 26 அன்று கடல் கற்பித்த ‘சுனாமி’ என்பதே அது. அந்த மொழியில் நாம் அறியத்தக்க இன்னொரு சொல்லும் இருக்கிறது: ‘நே’.

யப்பானிய நண்பர்கள் இருவர் முழுநிலவைக் காண்கின்றனர். ‘கிரேய் தா நே’ என்கிறார் ஒருவர். அழகாயிருக்கிறது என்பது பொருள். ‘ஸோ தா நே’ என்று மற்றவர் ஆமோதிக்கிறார். ஈற்றில் நிற்கும் ‘நே’, விடை வேண்டிக் கேட்கும் கேள்வியன்று. நான் உணர்வதையே நீயும் உணர்கிறாய் என்ற நம்பிக்கை. அதே இடத்தில் ‘யோ’ என்று முடித்தால், மற்றவர் அறியாததை நாம் அறிவிக்கும் தொனி வந்துவிடும்.

இந்த நுட்பம் நமக்குப் புதிதன்று. வாவியைப் பார்த்து ‘நல்ல வடிவு, என்ன?’ என்கிறோம். ‘ஓம், என்ன’ என்று பதில் வருகிறது. தமிழகத்தார் ‘அழகா இருக்குல்ல’ என்பதும் இவ்வகையே. தமிழுக்கும் யப்பானியத்துக்கும் உறவுண்டு என்று நிறுவப் பேராசிரியர் சுசுமு ஓனோ பல்லாண்டு உழைத்தார். மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு எனக்கு வேண்டியதில்லை. வியப்பைத் தனியே வைத்திருக்க முடியாத மனிதர் எங்கும் இருக்கின்றனர். அவர்களுக்கு இத்தகைய சொல் தேவைப்படுகிறது.

என் கவலை வேறு. வீட்டிலும் தெருவிலும் ‘என்ன’ என்று பகிரும் நாம், மேடையேறியதும் ‘யோ’ என்று அறிவிப்பவர்களாகி விடுகிறோம். மீன்பாடும் தேனாடு எமது மண், எமது வாவி என்று முழங்குகிறோம். நானும் பத்திரிகையில் அவ்வாறு எழுதியவன்தான். ஆனால், அந்த ‘எமது’ யாரை உள்ளடக்குகிறது? வாவிக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். 1990இல் சிந்திய குருதியை இரு சாராரும் மறக்கவில்லை. உரிமை பேசும் மேடைகள் இரு புறமும் நிறைய உண்டு. சேர்ந்து வியக்கும் இடங்கள்தாம் குறைவு.

யப்பானிய உதவியுடன் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட புதிய கல்லடிப் பாலத்தில் ஒரு பூரணை இரவு நின்றிருந்தேன். அருகே தொப்பியணிந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர். என் பெயரையோ ஊரையோ அவர் கேட்கவில்லை. நீரைப் பார்த்தபடியே, ‘நல்ல வடிவு, என்ன?’ என்றார்.

‘ஓம், என்ன’ என்றேன். வெகுநேரம் இருவரும் அங்கேயே நின்றோம்.