சூரியக் கொந்தளிப்பும் நில அளவையும்

சூரியனிடத்துக் கறைகளும் கொந்தளிப்புகளும் மிகுந்து காணப்படும் ஆண்டுகளில் மழை குன்றுமோ என்னும் ஐயம், பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரங்களில் இன்னும் பயிர்த்தொழிலைக் கைவிடாதிருக்கும் மிராசுதாரர்களிடையே எழுவதுண்டு. கைபேசியில் உலவும் வதந்திகள் அவ்வையத்தை வளர்க்கின்றன. இவ்வச்சம் வேண்டுவதில்லை. கவனிக்க வேண்டுவது வேறொன்று. அது வயலின் எல்லையைப் பற்றியது.

மழைக்கும் சூரியக் கறைகளுக்கும் முதலில் முடிச்சுப் போட்டவர்கள் கிராமத்தார் அல்லர், கற்றறிந்த உத்தியோகஸ்தர்களே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, ஹண்டர் என்னும் துரை சென்னையின் மழைக் கணக்குகளைக் கறைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, பதினோராண்டுக்கொரு முறை கறை குறையுங்காலத்தில் மழையும் குறைகின்றதென 1877-இல் எழுதினார். சூரியனை ஆராய்ந்தால் பருவமழையின் போக்கை முன்னறியலாமென்ற நம்பிக்கையும் சேர்ந்தே 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிகோலிற்று. அங்கே 1909-இல் எவர்ஷெட் என்பவர் கறைகளினின்று வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தமை உலகப் புகழ் பெற்றது. ஆனால் மழையைப் பற்றிய நம்பிக்கை மட்டும் பலிக்கவில்லை. வானிலை இலாகாவின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் கணக்கிட்டுப் பார்த்ததில் கறைக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு மிகச் சொற்பமென்றே தெரிந்தது. அவர் நாட்டத்தைப் பசிபிக் கடற்பகுதியின் காற்றழுத்த மாறுதல்களின்பாற் செலுத்தினார்; இன்றைய பருவமழை முன்னறிவிப்புகளில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

இவ்வட்டாரத்தார்க்குச் செம்பரம்பாக்கம் ஏரியே போதிய சாட்சி. 2019 ஜூன் மாதத்தில் அவ்வேரி வறண்டு கிடந்தது. அப்பொழுது கறைகள் மிகக் குறைவு. ஹண்டர் இருந்திருப்பின் மகிழ்ந்திருப்பார். அவ்வாண்டு டிசம்பரில் கறைகள் அடிமட்டத்தை எட்டின. 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபொழுதும் அவை பெரிதும் பெருகிவிடவில்லை. ஆயினும் ஏரி நிரம்பி, 25-ஆம் தேதி மதகுகளைத் திறக்க நேரிட்டது. கறை மிகும் ஆண்டுக்கும் குறையும் ஆண்டுக்கும் இடையே சூரியன் தரும் வெப்பத்தில் வேறுபாடு ஆயிரத்திலொரு பங்கேயாகும். அதை நம்பி நாற்றங்காலைத் தள்ளிப்போடுவது வீண்.

அங்ஙனமாயின் சூரியக் கொந்தளிப்பால் விவசாயிக்கு யாதொரு தொடர்பும் இல்லையோ எனின், உண்டு. சூரியனினின்று வெடித்தெழும் மின்னேற்றமுற்ற வாயுத்திரள் ஒரு நாள் முதல் மூன்று நாட்களுக்குள் பூமியை வந்தடைந்து, வானின் மேற்படலத்தைக் குலைக்கின்றது. செயற்கைக் கோள்கள் அனுப்பும் சமிக்ஞைகள் அப்படலத்தை ஊடுருவியே நிலத்தை அடைய வேண்டியிருத்தலால், அவற்றைக்கொண்டு கணிக்கும் இடக்குறிப்புகள் பிழைபடுகின்றன. 2024 மே 10, 11 தேதிகளில் வீசிய காந்தப்புயல் 2003-க்குப் பிந்தியவற்றுள் மிகக் கடியது. லடாக்கிலுள்ள ஹான்லேயின் வானம் அன்றிரவு செந்நிறம் பூண்டது. அமெரிக்காவிலோ மக்காச்சோள விதைப்பு நடந்துகொண்டிருந்த சமயம். செயற்கைக் கோளின் வழிகாட்டலால் இயங்கும் டிராக்டர்கள் வரிசை பிசகவே, பல குடியானவர்கள் வேலையை நிறுத்திக் காத்திருந்தனர்.

இங்கே அத்தகைய டிராக்டர்கள் அரிது. ஆனால் நில அளவைக்குச் செயற்கைக் கோள் கருவியும், மருந்து தெளிக்க டிரோனும் வந்துவிட்டன. அமைதியான நாளில் சில சென்டிமீட்டருக்குள் எல்லையைக் காட்டும் அளவைக் கருவி, புயல் நாளில் நிலைகொள்ளாது தடுமாறக்கூடும். ஆவடியிலும் அம்பத்தூரிலும் வயல்கள் மனைகளாகிவரும் இக்காலத்தில் இஃது அற்ப விஷயமன்று. 40 அடிக்கு 60 அடியுள்ள ஒரு கிரவுண்டு மனையின் நீண்ட பக்கத்து எல்லை ஓரடி நகர்ந்தால் 60 சதுர அடி கைமாறிவிடும். பங்காளிகளுக்கிடையே அதுவே பல்லாண்டு வியாஜ்ஜியத்துக்கு வித்தாகும். பிழை செய்தவன் சூரியன் என்று எந்தக் கோர்ட்டிலும் வாதாட இயலாது.

காந்த நடுக்கோடு தமிழ் நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், இந்நாட்டுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. கறை மிகுந்த ஆண்டுகளில், முக்கியமாகப் பங்குனி, புரட்டாசி மாதங்களில், சூரியன் மறைந்தபின் மேற்படலத்தில் குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் எழுந்து சமிக்ஞையைச் சிதைக்கும். அந்தி மயங்கியபின் அளப்பார் எவருமிலர் என்பது மெய்யே. வெயிலுக்கஞ்சி மாலையில் டிரோனைப் பறக்கவிட்டு இருட்டுமட்டும் வேலையை நீட்டிப்பவர் மட்டும் இதனை மனத்திற்கொள்வது நலம்.

2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவினின்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 கலம், பூமிக்குப் பதினைந்து லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் நின்று சூரியனைக் கண்காணிக்கின்றது. புயலின் வன்மையை ஐந்து படிகளாக வகுத்து முன்னறிவிக்கும் வழக்கமும் உலகில் ஏற்பட்டுள்ளது. இவ்வறிவிப்பு விமானிகளை எட்டுகின்றதே யன்றிக் கிராம நிர்வாக அலுவலரை எட்டுவதில்லை. மழை, காற்று, ஈரப்பதம் முதலியவற்றைத் தாங்கி வரும் விவசாய வானிலை அறிக்கையில் இதற்கும் ஒரு வரி ஒதுக்குதல் வேண்டும். அதனாற் செலவு ஏதுமில்லை.

அவ்வரி வரும்வரையில், அளவைக்குக் குறித்த நாளில் கருவி நிலைகொள்ளாது அலைந்தால், சர்வேயரை அவசரப்படுத்தாமல் இரு தரப்பாரும் சம்மதித்து வேறு நாள் கேட்டுக்கொள்ளலாம். கருவி காட்டும் எல்லையைப் புலப்படத்தின் அளவுகளோடும், வரப்பிலுள்ள பழைய கற்களோடும் சரிபார்த்த பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும். கற்களுக்கிடையே சங்கிலியிட்டு அளப்பதைச் சூரியன் கெடுப்பதில்லை.