வீட்டில் கட்டும் விமானம்

தச்சுக் கொட்டகையில் தன் கையாலேயே விமானம் கட்டி அதில் பறக்க ஒருவன் ஆசைப்படுவது நகைக்கத்தக்க விஷயமென்று நாம் கருதவில்லை. ஆனால் அவனை நம்பச் செய்து வரைபடம் கொடுப்பவருக்குள்ள பொறுப்பு எத்தகையது? பிரான்ஸ் தேசத்து ஆன்ரி மின்யேயின் அநுபவம் இதற்கு விடை கூறும்.

1933-ம் வருஷத்தில் அவர் பறக்கவிட்ட சிறு விமானத்துக்கு 'ஆகாயப் பேன்' என்று பெயர். மரத்தாலும் துணியாலும் ஆனது; இறக்கையின் நீளம் 6 மீட்டர்; என்ஜினோ சுமார் 17 குதிரைச் சக்தி. முன்னும் பின்னுமாக இரண்டு இறக்கைகள். காலால் மிதிக்கும் கட்டைகள் இல்லை. கைப்பிடி ஒன்றே முன் இறக்கையைச் சாய்க்கும், சுக்கானையும் திருப்பும். 1934-ல் அவர் வரைபடங்களுடன் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் நூற்றுக்கணக்கானோர் ரம்பமும் உளியும் எடுத்தனர். செல்வந்தர்களின் விளையாட்டாயிருந்த ஆகாய யாத்திரை சாமானியனுக்கும் எட்டிற்று. அதற்காக மின்யேயை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

பிறகு மரணங்கள் நேர்ந்தன. 1936-ல் இங்கிலாந்தில் பார்ன்பரோவிலும் பிரான்ஸில் ஷாலே-மூதோனிலும் பெரிய காற்றுச் சுரங்கத்தில் முழு விமானத்தையே நிறுத்திச் சோதித்தனர். காரணம் வெளிப்பட்டது. மூக்கு ஓர் அளவுக்குமேல் தாழ்ந்தபின் விமானி கைப்பிடியை இழுத்தால், இரு இறக்கைகளுக்கும் இடையே புகும் காற்று பின் இறக்கையையே அதிகமாகத் தூக்கும். மூக்கு நிமிர்வதற்குப் பதிலாக மேலும் தாழும். உயிர் தப்ப அவன் செய்யும் காரியமே அவனைக் கீழே தள்ளியது! ஆணியும் பசையும் செவ்வையாக இருந்தும் பயன் என்ன? பிழை வரைபடத்தில் இருந்தது.

இரு நாடுகளிலும் அவ்விமானம் தடுக்கப்பட்டது நியாயமே. எனினும் வீட்டில் கட்டுவதையே அடியோடு தடுக்க வேண்டுமென்பாரோடு நாம் உடன்படோம். இறக்கைகளின் இடைவெளியை மாற்றியமைத்த பின்னர் அதே வம்சத்து விமானங்கள் நன்றாகவே பறந்தன. குற்றம் என்னவெனில், சோதனை மரணத்துக்குப் பின் வந்தது. தொழிற்சாலைக்கு நிபுணர்களும் சோதனை விமானிகளும் உண்டு. கொட்டகைத் தச்சனுக்குப் புஸ்தகம் ஒன்றே துணை.

இன்று அமெரிக்காவில், பாகங்களைப் பெட்டியில் அடைத்து விற்றாலும் வேலையின் பெரும்பகுதியைக் கட்டுபவனே செய்யவேண்டுமென்பது விதி. சாதாரண விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதல்லவென்று உள்ளே எச்சரிக்கையும் ஒட்டவேண்டும். நல்லதுதான். ஆனால் அவ்வெச்சரிக்கை ஏறுபவனுக்கே உரியது. தலைகீழாய்ப் பாயும் நிலையிலிருந்து விமானம் மீளுமா என்ற சோதனையின் முடிவை முதல் வரைபடத்தோடு சேர்த்தே அச்சிட்டு, கட்டுபவன் கையில் கொடுக்க வேண்டுமென்று சர்க்கார்கள் விதிக்கட்டும்.