மேடையில் ‘திறமை’, விழுந்தபின் ‘போதை’: பைபோலார் நோயை எங்கே தவறவிடுகிறோம்?

2013-ல் ‘எதிர்நீச்சல்’, ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ படங்கள் வழியாக நம் தெருக்களிலும் ஒலித்த குரல், ராப் பாடகர் ஹனி சிங்குடையது. அடுத்த ஆண்டே அவர் மேடைகளில் இருந்து காணாமல் போனார். போதை மறுவாழ்வு மையத்தில் கிடக்கிறார் என்று பேச்சு பரவியது. 2016-ல் அவரே வாய் திறந்தார். தனக்கு பைபோலார் என்ற மனநோய், கூடவே குடிப்பழக்கம், நான்கு மருத்துவர்களை மாற்ற வேண்டியிருந்தது என்றார். (அவருடைய பாடல் வரிகளில் நமக்கு உடன்பாடு கிடையாது. அது வேறு விவாதம்.)

பிரிட்டன் குத்துச்சண்டை வீரர் டைசன் ஃப்யூரியின் கதையும் இதுதான். 2015 நவம்பரில் உலகப் பட்டம், ஒரே ஆண்டில் மதுவும் கொக்கைனும். அவரும் பிறகு பைபோலார் என்றார். சிகிச்சைக்குப் பின் 2020-ல் மீண்டும் பட்டம் வென்றார்.

இந்த நோய்க்கு இரண்டு முகம். ஒன்றில் மனம் எல்லை மீறிப் பொங்கும். மற்றதில் எழவே முடியாமல் படுத்துவிடும். பொங்கும் காலத்தை மேடை உலகம் திறமை என்று கைதட்டும். நம் வீடுகளும் அப்படித்தான். நான்கு நாள் தூங்காமல், களைப்பும் இல்லாமல், கடன் வாங்கி மூன்று தொழிலுக்குத் திட்டம் போடும் பிள்ளையை ‘சுறுசுறுப்பு’ என்போம். அவன் படுத்த பிறகுதான் ‘ஈமான் பலவீனம்’, ‘செய்வினை’ என்று தாயத்து தேடி ஓடுகிறோம்.

மருத்துவரிடம் போனாலும் சோர்வை மட்டும் சொல்கிறோம். அங்கேதான் ஆபத்து. மனச்சோர்வுக்கான மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால், பைபோலார் உள்ளவருக்கு அது மறுபடியும் பொங்கலைத் தூண்டிவிடலாம். லித்தியம் போன்ற, மனநிலையைச் சமன்செய்யும் மருந்துகளே இதற்கு முக்கியமானவை. அதற்கும் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடி தர்கா அருகே தனியார் நடத்திய கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் கருகி இறந்தனர். நம் சமுதாயம் இதை மறக்கக் கூடாது. துஆ செய்வதும் மருந்து எடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டமும் தடை செய்துவிட்டது.

அரக்கோணத்தில் இருப்பவர்களுக்குத் தூரம் ஒரு சாக்கு அல்ல. ஒருபக்கம் ரயில் ஏறினால் சென்னை, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. மறுபக்கம் காட்பாடி; அங்கிருந்து வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம். முதலில் பேசிப் பார்க்க நினைத்தால் 14416 என்ற இலவச எண் இருக்கிறது. பாகாயத்தில் நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் தங்குவது பல்லாண்டு வழக்கம். தூங்காத அந்த நான்கு நாட்களைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான்.