பாடகரைத் தேடுகிறோம், வயலினை எண்ணுவதில்லை

இளையராஜா கச்சேரி என்று பெங்களூரிலோ சேலத்திலோ விளம்பரம் வந்தால் போதும், எங்கள் மூக்கண்டப்பள்ளி வாக்கிங் கோஷ்டியில் சண்டை ஆரம்பித்துவிடும். "பாலு இல்லாமல் என்ன சார் கச்சேரி?" என்பது ஒரு கட்சி. "ராஜா இருக்கிறாரே, அது போதாதா?" என்பது எதிர்க்கட்சி. எல்லைப்புற ஊர் என்பதால் கோஷ்டியில் தெலுங்குக்காரரும் உண்டு, கன்னடக்காரரும் உண்டு. எஸ்.பி.பி. என்றால் மூன்று பேருமே "எங்க ஆளு" என்று உரிமை கொண்டாடுவார்கள். அதனால் சண்டையும் மூன்று மொழியில் நடக்கும்.

பாலு கட்சியின் வருத்தம் நியாயமானதுதான். ஸ்வர்ணலதா 2010-இல் போனார். மலேசியா வாசுதேவன் 2011-இல். எஸ்.பி.பி. 2020 செப்டம்பரில். பவதாரிணி 2024-இல், ஜெயச்சந்திரன் 2025-இல். ஜானகியம்மா 2017-இலேயே மேடைக்கு விடை கொடுத்துவிட்டார். பழைய அணி முழுதாக வந்தால்தான் போவேன் என்றால், இனி எந்தக் கச்சேரிக்கும் போக முடியாது.

இருவரும் இருந்த காலத்திலும் எல்லாம் சுமுகமாக இருக்கவில்லை. 2017-இல் பாட்டு உரிமை பற்றி ராஜா தரப்பிலிருந்து பாலுவுக்கு வக்கீல் நோட்டீஸே போனது. பிறகு 2019 ஜூனில் சென்னையில் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றார்கள். அதற்கடுத்த ஆண்டே பாலு போய்விட்டார். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் தள்ளிப்போட்டதுதான்.

புதுக்குரலைக் குறை சொல்வதும் புதிதல்ல. 1969-இல் 'அடிமைப் பெண்' படத்தில் எம்.ஜி.ஆருக்கு எஸ்.பி.பி. பாடியபோது, டி.எம்.எஸ். குரலிலேயே ஊறிப்போன நம் அண்ணன்மார் என்ன சொன்னார்கள்? "இந்தக் குரல் எம்.ஜி.ஆருக்கா?" என்றுதானே! எண்பதுகளில் மனோ வந்தபோது "பாலு மாதிரியே பாடுகிறார்" என்பதையே குறையாகச் சொன்னார்கள். இன்று சரண் அப்பாவின் பாட்டைப் பாடினால், "அப்பா மாதிரி இல்லை" என்பது குறை. மாதிரி இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம்!

என் கட்சி வேறு. நாம் பாடகரை மட்டுமே பார்க்கிறோம். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை யார் பார்க்கிறார்கள்?

வெள்ளைக்காரர்களின் ராக் குழு ரசிகர்கள் இதில் நம்மைவிடக் கெட்டி. 2003-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு நம் பக்கத்து பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வந்து வாசித்தது. அதன் டிரம்மர் சார்லி வாட்ஸ் 2021-இல் இறந்தார். அவர் இடத்தில் ஸ்டீவ் ஜோர்டான் உட்கார்ந்ததும் உலகம் முழுக்க ரசிகர்கள் அடியடியாக ஒப்பிட்டார்கள். பாடகர் மிக் ஜாகர் அப்படியேதான் இருக்கிறார். இருந்தாலும் டிரம்மர் மாறினால் குழு மாறிவிட்டது என்று அவர்களுக்குத் தெரிகிறது.

நமக்கு? ராஜாவின் பாட்டுகளுக்குக் காலங்காலமாக டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் மறைந்தபோது எத்தனை பேர் பேசினோம்? புல்லாங்குழல் நெப்போலியன்தான் பாடகர் அருண்மொழி என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மிஷின் ஷாப்பில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. ராஜா ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக நொட்டேஷன் எழுதுபவர். அது டிராயிங் மாதிரி. ஆபரேட்டர் ரிட்டயர் ஆனாலும் டிராயிங் இருக்கிறது; புது ஆள் அதைப் பார்த்து அதே அளவில் பாகத்தைக் கடைந்து தர முடியும். கை பழக வேண்டும், இன்ஸ்பெக்ஷன் கறாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ராஜா மேடையில் தப்பு வந்தால் பாதியில் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொல்கிறாரே, அதுதான் இன்ஸ்பெக்ஷன். சிலருக்கு அது எரிச்சல். எனக்கு, கொடுத்த காசுக்கு மரியாதை.

நாம் சண்டை போட வேண்டிய இடம் வேறு. இப்போது நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் இன்னிசைக் கச்சேரி என்று போர்டு இருக்கும். மேடையில் இரண்டு பாடகர்கள், ஒரு கீபோர்டு, ஒரு லேப்டாப். வயலின், தபேலா, புல்லாங்குழல் எல்லாம் லேப்டாப்புக்குள்ளிருந்து வரும். பாடகர் நன்றாகப் பாடினால் நாமும் கைதட்டிவிட்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுகிறோம். ஆளைக் குறைத்ததை யாரும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் இந்த மேடைகளை நம்பிக் குடும்பம் நடத்திய தபேலாக்காரரும் டிரம்பெட்காரரும் இன்று என்ன செய்கிறார்கள்?

ஆகவே பாலு கட்சிக்கும் ராஜா கட்சிக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். டிக்கெட் வாங்குமுன் "யார் பாடுகிறார்கள்?" என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே "எத்தனை பேர் வாசிக்கிறார்கள்?" என்றும் கேளுங்கள். மேடையில் இருபது வயலின் நிஜமாக இருந்தால், பாடுவது இருபத்தைந்து வயதுப் பையனானாலும் தைரியமாகப் போகலாம். நம் வீட்டுக் கல்யாணத்துக்குக் கச்சேரி வைத்தாலும், பாடகர் ஒருவரைக் குறைத்தாவது ஒரு தபேலாக்காரரைக் கூப்பிடுங்கள்.