கழுத்துப் பட்டிக்குக் கீழே ஒரு பயறு

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. அம்மா சோபாவில் இருந்து நாடகம் பார்த்தபடி ஜிம்மியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தா. திடீரென்று கை நின்றது.

“பிள்ளை, லைட்டைப் போடு. இதுக்கு உண்ணி பிடிச்சிருக்கு.”

நான் நம்பவில்லை. வேலியோரம் பனி இன்னும் கிடந்தது. பனிக்குள்ளே என்ன உண்ணி? பட்டியைக் கழற்றி மயிரை விலக்கிப் பார்த்தால், சாம்பல் நிறத்தில், ஊறவைத்த பயறு மாதிரி ஒன்று தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் கத்தினாள். ஜிம்மி படுக்கிறது அவளுடைய கட்டிலில்.

அம்மா உடனே மண்ணெண்ணெய் கேட்டா. ஸ்காபரோவில் யார் வீட்டில் மண்ணெண்ணெய் இருக்கு? “அப்ப அந்த விக்ஸையாவது தா.”

அங்கேதான் நான் மறித்தேன். விக்ஸ், வாஸ்லின், நெருப்புக்குச்சி எதுவுமே கூடாது. எரிச்சல்பட்ட உண்ணி தன் எச்சிலைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். கூர்மையான டுவீசரால் தோலுக்கு மிக நெருக்கமாக, தலைப்பக்கம் பிடித்து, முறுக்காமல், நேராக மேலே மெதுவாக இழுக்க வேண்டும். வயிற்றை நசுக்கக் கூடாது, வெறும் விரலும் வேண்டாம். அம்மா ஜிம்மியின் தலையைப் பிடிக்க, நான் இழுத்தேன். கை நடுங்கினது உண்மை. மூடியுள்ள சின்னப் போத்தலில் போட்டு, படம் எடுத்து ஈ-டிக் தளத்துக்கு அனுப்பினேன். பிஷப்ஸ் பல்கலைக்கழகம் நடத்துகிற இலவச சேவை அது. படத்தைப் பார்த்து என்ன உண்ணி என்று சொல்வார்கள். பதில் வந்தது: கருங்கால் உண்ணி. லைம் நோயைக் காவுகிறது அதுதான்.

அம்மாவுக்குத் தெரிந்த உண்ணி வேறு. ஊரில் முற்றத்து நாய்களில் நிறைவது பழுப்பு நாய் உண்ணி. நாயின் இரத்தத்திலேயே வளர்ந்து, சுவர் வெடிப்புக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அதனால்தான் அம்மா அன்றிரவே வீடு முழுக்கக் கழுவ வெளிக்கிட்டா. அங்கே அது சரியான புத்தி. கருங்கால் உண்ணிக்கு ஈரமான காய்ந்த இலைக்குவியல் வேணும். எங்கள் வீட்டுக்குள் அது குடும்பம் நடத்தாது. ஆனால் நாயின் மயிரில் ஏறி வீட்டுக்குள் வந்து, கடிக்காமல் திரிகிற ஒன்று பிள்ளையில் ஏறலாம். நாயிடமிருந்து நேரடியாக நோய் தொற்றாது.

பிழை என்னுடையது. நவம்பரில் மாதாந்த உண்ணி மாத்திரையை நிறுத்தினேன். குளிர்காலம்தானே, காசு மிச்சம் என்ற நினைப்பு. வெப்பநிலை 4 பாகையைத் தாண்டினாலே இந்த உண்ணிகள் நடமாடத் தொடங்கும் என்று மிருக வைத்தியர் சொன்னபோது முகம் சுருங்கிப்போனது. அதற்கு முந்திய சனிக்கிழமை நல்ல வெயில். ரூஜ் பார்க்குக்குப் போய், ஜிம்மியைப் பாதையை விட்டு இலைகளுக்குள் ஓடவும் விட்டிருந்தோம். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். விரல் விட்டு எண்ணினேன். லைம் கிருமி உண்ணியின் குடலிலிருந்து எச்சிலுக்கு வந்துசேரப் பொதுவாக 24 மணித்தியாலத்துக்கு மேல் வேணும். எங்களுடையது அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது.

உடனே இரத்தம் எடுத்துப் பயனில்லை, எதிர்ப்புப் பொருள் தெரிய வாரங்கள் ஆகும், ஆறு வாரம் கழித்து வாங்கோ என்றார் வைத்தியர். தொற்றினாலும் பெரும்பாலான நாய்களில் ஒன்றும் தெரியாதாம். காய்ச்சல், சாப்பாட்டில் மனமில்லாமை, இன்றைக்கு ஒரு கால் நாளைக்கு வேறொரு கால் என்று நொண்டுவது, இவற்றைக் கவனிக்கச் சொன்னார். மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிட்டோம். உங்கள் நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மாத்திரைக்கு முதல் வைத்தியரிடம் சொல்லுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னொன்று: பெர்மெத்ரின் கலந்த நாய்ச் சொட்டு மருந்து பூனைக்கு நஞ்சு. பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

இதெல்லாம் எனக்கு வாசித்துத் தெரிந்தது. ஆனால் உண்ணியைக் கண்டுபிடித்தது நான் இல்லையே. மூன்று நாளாக அந்த நாயைக் கொஞ்சியும் தெரியவில்லை. அம்மாவின் விரலுக்குத் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அவவிடம்தான் ஜிம்மி போகிறது. காதின் உள்மடிப்பு, கால்விரல் இடுக்கு, அக்குள், வாலடி என்று ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறா. மகளுக்கும் பழக்குகிறா: “கண்ணாலை தேடாதை குஞ்சு, விரலாலை தேடு. எள்ளு மாதிரித் தட்டுப்படும்.” மே, ஜூனில் வருகிற குஞ்சு உண்ணி கசகசா அளவுதான் இருக்கும் என்று நான் சொல்ல, “அப்ப அவள்தான் பாக்கவேணும், எனக்குக் கண் காணாது” என்றா. பிறகு மகளையும் இருத்தி, முழங்கால் மடிப்பும் தலையும் பார்த்தா.

இரத்தப் பரிசோதனை வருகிற சனிக்கிழமை. ஜிம்மி இதுவரை நொண்டவில்லை. மகள் தினமும் காலையில் அதை ஹோலில் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.