கூறுக் கறியா? பெட்டிக் கறியா?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பல வீடுகளில் கறிக் குழம்பு கொதிக்க வேண்டும். வாரம் முழுவதும் ரசமும் துவையலுமாக ஓட்டிய குடும்பத்தில்கூட, அன்று ஒரு நாள் பிள்ளைகள் கறி கேட்கிறார்கள்.

அந்தக் கறியை எங்கே வாங்குவது?

இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, பழைய வழி. பத்துக் குடும்பத்தார் பணம் போட்டு, ஆடு வளர்ப்பவரிடம் முழு ஆடாக வாங்குவார்கள். அறுத்துப் பங்கு போட்டுக் கொள்வார்கள். இதற்குக் கூறுக் கறி என்று பெயர். சில ஊர்களில் பங்குக் கறி என்பார்கள்.

மற்றொன்று, புதிய வழி. சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால், குளிர் அலமாரியில் பிளாஸ்டிக் பெட்டியில் கறி இருக்கிறது. பெட்டியின் மேல் எடை, விலை, தேதி எல்லாம் அச்சடித்திருக்கிறது. எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு வர வேண்டியதுதான். ஈ இல்லை. ரத்தம் இல்லை. பேரம் இல்லை.

தெருமுனைக் கறிக் கடை இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அது இப்போது பேச்சு அல்ல.

எது நல்லது? கூறுக் கறிதான் நல்லது. ஆனால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் அதுவே ஆபத்து!

பல்லைப் பிடித்துப் பார்!

எட்டயபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடுகிறது. மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை. அய்யலூரில் வியாழக்கிழமை. செஞ்சியில் வெள்ளிக்கிழமை. பண்டிகைக்கு முந்தின வாரம் என்றால் விடிவதற்கு முன்பே கூட்டம் நெரியும்.

சந்தைக்குப் போகிறவர் முதலில் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். கீழ்வரிசையில் எல்லாம் பால் பல்லாக இருந்தால், ஆட்டுக்கு ஏறக்குறைய ஒரு வயதுக்குள் என்று கணக்கு. நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒரு வயது தாண்டிவிட்டது. எட்டுப் பல்லும் முளைத்துவிட்டால் அது முற்றின ஆடு. எத்தனை நேரம் வேகவைத்தாலும் ரப்பர் மாதிரி இருக்கும்.

பிறகு முதுகை அழுத்திப் பார்க்கிறார். எலும்பு கையில் குத்தினால் சதை இல்லை. மூக்கு ஒழுகுகிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா என்று பார்க்கிறார். வெள்ளாடா, செம்மறியா என்ற சந்தேகமும் இல்லை. ஆடு நாலு காலில் எதிரே நிற்கிறதே!

பெட்டிக் கறியில் இதெல்லாம் முடியாது. தேதி இருக்கிறது; ஆடு இல்லை.

கணக்குப் பாருங்கள்!

கூறுக் கறி வாங்கினால் பணம் கொள்ளை கொள்ளையாக மிச்சமாகும் என்று சிலர் சொல்கிறார்கள். அது மிகை. காகிதத்தை எடுத்து எழுதிப் பார்த்தால் உண்மை தெரியும்.

உயிரோடு 20 கிலோ எடையுள்ள வெள்ளாட்டை அறுத்தால், எலும்போடு சேர்த்து 9 முதல் 10 கிலோ கறிதான் தேறும். பாதி எடை தோல், தலை, கால், குடல், ரத்தம் என்று போய்விடும். முதல் தடவை ஆடு வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். 20 கிலோ ஆட்டில் 20 கிலோ கறி வராது!

அந்த ஆடு 7,500 ரூபாய்க்கு முடிந்தது என்று வையுங்கள். அறுப்புக் கூலி 500 ரூபாய். மொத்தம் 8,000 ரூபாய். தலை, கால், குடல் ஆகியவற்றை ஆசைப்பட்டவர்களுக்கு 1,000 ரூபாய்க்குக் கொடுத்தால் மீதி 7,000 ரூபாய். பத்துக் கூறு போட்டால் ஒரு கூறு 700 ரூபாய். ஒரு கூறில் 900 கிராமுக்குக் குறையாமல் கறி இருக்கும். ஈரலிலும் கொழுப்பிலும் ஆளுக்குக் கொஞ்சம் உண்டு.

பல ஊர்களில் ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதோடு பார்த்தால் இதில் மிச்சம் உண்டு. ஆனால் மலையளவு மிச்சம் இல்லை. தலைக்கும் குடலுக்கும் ஆள் கிடைக்காவிட்டால் அந்த மிச்சமும் போய்விடும். பாட்டிகள் தலைக்கறியும் குடல் குழம்பும் வைத்தார்களே, அது நாக்கு ருசிக்காக மட்டும் அல்ல. அதில் வீட்டுக் கணக்கும் இருந்தது.

கூறு போடுவதிலும் ஒரு நியாயம் உண்டு. இலையைப் பரப்பி வரிசையாக வைப்பார்கள். தொடைக்கறி ஒருவருக்கு, எலும்பு ஒருவருக்கு என்று போகாது. ஒவ்வொரு இலையிலும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் விழும். கையில் பணம் இல்லாதவருக்கும் சில ஊர்களில் ஒரு கூறு உண்டு. அறுவடை முடிந்து அவர் பணம் கொடுப்பார். சூப்பர் மார்க்கெட் கல்லாவில் அப்படிச் சொல்லிப் பார்க்க முடியுமா?

பணம் யாருக்குப் போகிறது?

2019-ம் ஆண்டு கால்நடைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் வெள்ளாடு ஏறத்தாழ ஒரு கோடி. செம்மறி ஆடு சுமார் 45 லட்சம். இவ்வளவையும் வளர்ப்பவர்கள் பெரிய பண்ணை முதலாளிகள் அல்ல. பெரும்பாலும் சிறு விவசாயிகள், நிலம் இல்லாத கூலிக்காரர்கள், கணவனை இழந்த பெண்கள். அதனால்தான் 2011-ல் அரசு ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 4 ஆடுகளை விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது.

அந்தப் பெண்ணுக்கு ஆடுதான் பாங்கு. மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டுமா? ஒரு கிடாய் போகும். மழை பொய்த்துவிட்டதா? இன்னொன்று போகும்.

அவசரத்துக்கு விற்கும்போது தரகர் சொன்னதுதான் விலை. தரகரிடமிருந்து வியாபாரி, வியாபாரியிடமிருந்து அறுப்புக் கூடம், அங்கிருந்து கம்பெனி, கம்பெனியிலிருந்து கடை என்று ஆடு போகிறது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் காசு ஒட்டிக்கொள்கிறது. பத்துக் குடும்பத்தார் நேரே அவள் வீட்டு வாசலுக்குப் போனால், அந்தக் காசில் ஒரு பகுதி அவளுக்கு, ஒரு பகுதி வாங்குகிறவர்களுக்கு. கூறுக் கறியின் பெரிய லாபம் இதுதான்.

பெட்டிக் கறியைப் பழிக்கலாமா?

பழிக்க வேண்டாம். நகரத்தில் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் புருஷனும் பெண்சாதியும் ஆட்டுக்கு எங்கே போவார்கள்? இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வருகிறவளுக்குக் கழுவி நறுக்கின கால் கிலோ கறி பெரிய உதவி. பெட்டியின் மேல் 14 எண்கள் கொண்ட உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறது. கறி கெட்டிருந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும்.

கூறுக் கறிக்கு அப்படி ஒரு எண் இல்லை. அங்கேதான் வருகிறது வினை.

செத்த ஆடு ஜாக்கிரதை!

நேற்று இரவு திடீரென்று ஒரு ஆடு செத்துவிடுகிறது. வளர்த்தவருக்கு நஷ்டம். 'வீணாகப் போகிறதே, பாதி விலைக்குக் கூறு போட்டுவிடு' என்று யாரோ யோசனை சொல்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று நாலு பேர் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அந்த ஆடு அடைப்பான் நோயில் செத்திருந்தால்? அது ஆட்டிலிருந்து மனிதனுக்கும் தொற்றும் நோய். அறுத்தவர் கையில் புண் வரும். தின்றவர் குடலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த நோயின் கிருமி மண்ணுக்குள் பல பத்து ஆண்டுகள் சாகாமல் கிடக்கும். திடீரென்று செத்த ஆட்டின் மூக்கிலோ ஆசன வாயிலோ ரத்தம் கசிந்திருந்தால் கத்தியை வைக்கவே கூடாது. தோலை உரிக்கவும் கூடாது. உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

ஆகவே, கூறு வாங்குகிறவர் ஆட்டை உயிரோடு பார்க்க வேண்டும். பார்க்காத ஆட்டின் கறியைச் சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இன்னொரு பைத்தியக்காரத்தனமும் இப்போது நடக்கிறது. மலிவு என்று ஐந்து கிலோ, பத்துக் கிலோ வாங்கி வீட்டுக் குளிர்ப்பெட்டியில் திணிக்கிறார்கள். மாதக் கணக்கில் கறி கெடாமல் இருக்க, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிர் வேண்டும். அடிக்கடி திறந்து மூடும் வீட்டுப் பெட்டியில், மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில், அது நடக்கிற காரியமா? உருகின கறியை மறுபடி உறையவைத்துச் சாப்பிட்டால் மிச்சப்பட்ட காசு டாக்டருக்குத்தான் போகும். மீந்த கறியை உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆளுக்கு ஒரு கூறு, அன்றைக்கே சமையல் என்றால் உப்புக்கண்டமும் வேண்டியதில்லை.

நகரங்களில் விற்பனைக்கு அறுக்கும் ஆட்டை ஆட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரை குத்துகிறார். அந்த முத்திரை கிராமத்துக்கு ஏன் கூடாது? ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை, ஒரு தண்ணீர்க் குழாய், கழிவைப் புதைக்க ஒரு குழி. ஊராட்சிக்கு இது பெரிய செலவு அல்ல. பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலிருந்து மருத்துவர் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் வந்து போனால் போதும். தீபாவளிக்கு முன்பே இதை ஆரம்பிக்கலாம்.